லோடு வண்டிக்கு வழி

சிறுமலையில் லோடு ஏற்றி இறங்குகிற வண்டிக்குத்தான் முதல் வழி. காலியாக ஏறி வருகிற வண்டி, எதிரே லோடு இறங்குவது தெரிந்ததும் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நின்றுவிடும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, பலகை நட்டும் வைக்கவில்லை. குதிரை முதுகில் வாழைத்தாரைக் கட்டி இறக்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். பாரத்தோடு இறங்குகிற குதிரையைச் சரிவில் நிறுத்தினால் கால் வழுக்கும், பாரம் ஒரு பக்கமாகச் சாயும். வெறும் முதுகோடு ஏறுகிற குதிரைக்குச் செத்த நேரம் நிற்பதில் என்ன கேடு? குதிரைப் பாதை போய் தார் ரோடு வந்தது, வண்டிகள் வந்தன. கால் வழுக்கும் என்ற காரணம் போய் பிரேக் சூடேறும் என்ற காரணம் வந்தது. வழக்கம் மட்டும் மாறவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த வழக்கத்தில் வளர்ந்தவர். மலையில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்ட பிறகு திண்டுக்கல்லுக்குக் குடி வந்தவர். சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருந்தார். ஊரில் குட்டியானை என்பார்களே, அதுதான். மலையிலிருந்து வாழைத்தார், எலுமிச்சை, சௌசௌ என்று ஏற்றிக்கொண்டு இறங்கி மண்டியில் போடுவார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவருக்கு வாயே கிடையாது. "நீங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆளு" என்று என் அம்மாவே சொல்லும். இதைக் கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்து பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் முழு லோடு வாழைத்தாரோடு இறங்கிக்கொண்டிருந்தார். வளைவுக்கு முன்னால் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பது லோடு வண்டிக்காரர்களின் பழக்கம். 'பாரத்தோடு வருகிறேன், ஒதுங்கிக்கொள்' என்று அர்த்தம். அடித்துவிட்டுத் திரும்பினார். கீழேயிருந்து ஒரு கார் ஏறி வந்தது. அதற்குப் பக்கத்திலேயே ரெண்டு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. கார் அங்கே ஒதுங்கும் என்று இவர் வேகத்தைக் கொஞ்சமாகத்தான் குறைத்தார். கார் ஒதுங்கவில்லை, நேராக ஏறி வந்தது. பிறகு இவர் பிரேக்கை மிதித்த மிதிக்கு வண்டி நின்றிருக்க வேண்டும். ஆனால் முதுகில் அம்புட்டுப் பாரம் இருந்ததே! உரசிக்கொண்டு போய் காரைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து நெருக்கிவிட்டது. தார்களெல்லாம் ரோட்டில் உருண்டன.

காரை ஓட்டி வந்தவர் ரிட்டயர்டு ஆபீசர், மனைவியோடு மலையைப் பார்க்க வந்தவர். அவருக்கு ஒரு கீறலும் இல்லை, அந்த அம்மாவுக்குத்தான் கால் முறிந்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் அந்த அம்மாவைத் தூக்கிப் பின்னால் வந்த வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தன் வண்டியை விட்டு அசையாமல் போலீஸ் வரும்வரைக்கும் அங்கேயே நின்றார். ஓடிப்போகாமல் நின்றதுதான் அவர் செய்த முதல் முட்டாள்தனம் என்று பிற்பாடு எத்தனையோ புத்திசாலிகள் எனக்குச் சொன்னார்கள்.

ரெண்டாவதை அவர் ஸ்டேஷனில் செய்தார்.

"மேல ஏறுற வண்டிக்கு ஏன்யா வழி விடல?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் லோடுல்ல ஏத்திட்டு வந்தேன் சார்?" என்றிருக்கிறார் இவர்.

மலைக்காரன் எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். அவர்களுக்கு அதைவிடப் பெரிய நியாயம் கிடையாது. இவரும் அதோடு விஷயம் முடிந்துவிட்டது, இனிமேல் அந்தக் கார்க்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, "அப்ப எதிர வண்டி வர்றத பாத்தும் நிக்கலைங்கிற" என்று சொல்லி அதை அப்படியே எழுதிக்கொண்டார். தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிச் சொன்ன ஒரே வாக்கியம் குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்கியமாகிப் போயிற்று. கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார் மகராசன்.

மறுநாள் பழமும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ஆபீசர் வராந்தாவிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"ரூல்னு ஒண்ணு இருக்கும்மா. மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் வழி. எறங்குறவன் நின்னு ஒதுங்கணும். சர்வீஸ் பூரா நான் ரூல்படி இருந்தவன்" என்றார்.

"பக்கத்துலயே இடம் இருந்துச்சே சார், ஒரு நிமிசம் ஒதுங்கியிருந்தா அம்மாவுக்கு இந்தக் கதி வந்திருக்காதே" என்றேன்.

"ஏன் ஒதுங்கணும்?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அவர் டாக்டரைப் பார்க்கப் போனதும் உள்ளே நுழைந்தேன், அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. "நான் ஓரங்கட்டுங்கன்னுதாம்மா சொன்னேன். 'நமக்குத்தான் வழி, அவன் நிப்பான் பாரு'ன்னாரு" என்று மெதுவாகச் சொன்னது. உடனே வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "இத நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிராதீங்க, அவருக்குப் பிரஷர் இருக்கு" என்றது. எனக்கு அந்த அம்மாமேல் கோபம் வரவில்லை. கால் உடைந்து கிடக்கும்போதும் புருஷனின் பிரஷரைப் பார்க்கிற பிறவிதானே நாமெல்லாம்.

வழக்குப் போட்டுவிட்டார்கள். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டிக் காயம் ஏற்படுத்தியதாக வழக்கு. நிரூபணமானால் லைசென்ஸ் போகும், அவர் பேரும் போகும். ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றாத மனுஷன். அவருக்கு வண்டியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. லைசென்ஸ் இல்லாமல் அவரை வீட்டில் உட்காரவைத்து நான் என்ன செய்ய?

எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த ஒரு வயதான வக்கீலிடம் போனோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அந்த ஆபீசர் சொல்றது சரிதாம்மா" என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெள்ளைக்காரன் காலத்துல மலை ரோட்டுக்கு எழுதுன விதி இது. அப்புறம் நம்மாளுக புதுச் சட்டம் கொண்டாந்தப்பயும் இத மாத்தல, அப்படியே எடுத்து வச்சிக்கிட்டாங்க" என்றார்.

"அவன் எதுக்கு சார் அப்படி எழுதுனான்?" என்றேன்.

அந்தக் காலத்து இன்ஜினை ஏற்றத்தில் ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும் பாடு, வண்டி பின்னால் உருளும், அதனால் ஏறுகிறவனுக்கு வழி என்று விளக்கினார். காரணம் எனக்கும் புரிந்தது. புரியாமலென்ன? ஆனால் மனசு கேட்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு மலை எதற்கு? வெயில் தாங்காமல் பெட்டி படுக்கை, பெண்டாட்டி பிள்ளை, நாய்க்குட்டி என்று சகலத்தையும் ஏற்றிக்கொண்டு மேலே போவதற்கு. அவனுடைய பாரமெல்லாம் ஏறுகிற பாரம். எங்களுடையது இறங்குகிற பாரம். எவன் பாரம் சுமந்தானோ அவனுக்கு வழி என்று அவனும்தான் எழுதியிருக்கிறான், ஆனால் பாரம் என்றால் தன் பாரம் மட்டும்தான் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதைக் காப்பியடித்தார்களே நம் ஆட்கள், அவர்களை எதால் அடிக்க!

வக்கீலுக்கு என் பேச்சில் ஒரு சுவாரசியம் வந்துவிட்டது. அவருடைய சீனியர் விட்டுப்போன பழைய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அரசாங்க விதிகளைத் தொகுத்து பைண்டு பண்ணியது. பாதி ரோட்டுக்கு, பாதி துறைமுகத்துக்கும் கரையோரக் கப்பலுக்கும். எந்தப் பக்கம் பச்சை விளக்கு, மூடுபனியில் எத்தனை தரம் சங்கு ஊத வேண்டும் என்றெல்லாம் இருந்தது. கடலையே பார்க்காத திண்டுக்கல்லில் இது எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் விரலை வைத்துப் படித்துத் தமிழில் சொன்னார். குறுகலான கால்வாயில் நீரோட்டத்தோடு வருகிற கப்பலுக்கு, எதிர்த்து வருகிற கப்பல் வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் நின்று, வழிவிட வேண்டும்.

"ஏன் சார்?" என்றேன், பதில் தெரிந்தே.

"நீரோட்டத்தோட வர்றத சட்டுனு நிறுத்த முடியாதுல்ல. எதுத்து வர்றவன் நினைச்சா நிக்கலாம்."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அதத்தான் சார் நானும் சொன்னேன்" என்றார்.

கப்பலென்றால் புத்தி வேலை செய்திருக்கிறது, வாழைத்தார் என்றால் செய்யவில்லை. கப்பலில் அவனுடைய சரக்கல்லவா போனது! நல்லா இருக்குதே நியாயம் என்று வக்கீல் வீட்டிலேயே சத்தம் போட்டேன். அவர், "மலையில அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு மலைக்காரன் ஒருத்தன் வந்து சாட்சி சொல்லட்டும். அத வச்சு நான் பேசிப் பாக்குறேன். அலட்சியமா ஓட்டல, ஒரு பழக்கத்த நம்பி ஓட்டுனாருன்னு எடுத்துச் சொல்லலாம்" என்றார்.

சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. மலையில் ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். என் வீட்டுக்காரரோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர், என் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று அவள் சார்பில் வாக்குக் கொடுத்தவர். போய்ச் சொன்னதும், "இதுக்கு ஏன் மதினி இம்புட்டுத் தூரம் வந்தீங்க, ஒரு போனு போட்டா வரமாட்டேனா? அண்ணனுக்கு நான் இல்லாம வேற யாரு?" என்றார். காபி குடித்துவிட்டு வந்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு என் வீட்டுக்காரர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தார்.

வழக்கு நடக்கிற நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. பிள்ளைகள் கையில் 'சாலை விதிகளை மதிப்போம், விலைமதிப்பில்லா உயிரைக் காப்போம்' என்று அட்டையைக் கொடுத்து ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வகுப்பு டீச்சர் என் காதோரமாக, "ஒங்க வீட்டுக்காரருக்கும் ஒரு அட்டை குடுத்திருக்கலாம்ல" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்று தெரியாமலா சொல்லி வைத்தார்கள். என் நீள வாயை வைத்துக்கொண்டு நானும் பிள்ளைகளோடு சேர்ந்து கோஷம் போட்டுக்கொண்டு நடந்தேன்.

சாட்சி சொல்கிற நாள் வந்தது. ஜீப்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். கூண்டில் ஏறி, கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தார். வக்கீல் நிதானமாகக் கேட்டார்.

"மலையில எதிரெதிரே ரெண்டு வண்டி வந்தா, வழக்கமா எது ஒதுங்கும்?"

"எறங்குற வண்டிதாங்கய்யா."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்தார். "எறங்குறது லோடு வண்டியா இருந்தா?" என்றார்.

"எதா இருந்தாலுந்தாங்கய்யா. ஏறுற வண்டிக்குத்தான் வழி. ரூல் அப்படித்தான?"

எதிர்த்தரப்புக்காரருக்குக் கேள்வி கேட்கிற வேலையே வைக்கவில்லை அவர். எங்கள் வக்கீல் விட்டுக்கொடுக்காமல் கப்பல் விதியை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். நீதிபதி சிரித்துவிட்டு, "இங்க கடலும் இல்ல கப்பலும் இல்ல சார், மேல சொல்லுங்க" என்றார். கோர்ட்டில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் கூண்டைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அபராதம் விதித்தார்கள், லைசென்ஸை ஆறு மாதம் முடக்கினார்கள். "இத்தோட விட்டுச்சேன்னு சந்தோசப்படுங்க" என்று வக்கீல் சொன்னார்.

வெளியே புளியமரத்தடியில் அந்த ஜீப்காரரை மறித்துக்கொண்டேன். "ஏன் தம்பி, சத்தியம் பண்ணிட்டுச் சொன்ன பொய்யி தொண்டைக்குழியில சிக்கல? எம்பிள்ளைய எந்தக் கையால தூக்குன?"

"மதினி, நேத்து வண்டிக்காரங்க பூராம் கூடிப் பேசுனோம். இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு நான் கோர்ட்டுல சொன்னா, நாங்க அம்புட்டுப் பேரும் தெனமும் ரூலை மீறுறோம்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்னாங்க. நாளைக்கே செக்போஸ்ட்ல நிறுத்தி ஒவ்வொரு லைசென்ஸா புடுங்குவாங்க. அண்ணன் ஒருத்தரோட போகட்டும்னு..." முடிக்காமல் தலையைச் சொறிந்தார்.

"ஒருத்தரோட போகட்டும்! அந்த ஒருத்தரு யாருன்னு பாத்து எடுத்தீகளோ? அடப் பாவிகளா, நீங்கள்லாம் விளங்குவீங்களா!" என்று நான் கத்தியதில் கோர்ட்டு வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "விடு. அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். இவருக்கு மட்டும் பிள்ளை இல்லையா? அதை வாய்விட்டே கேட்டேன். கையை விடாமல் நடந்தார்.

அந்த ஆறு மாதமும் வேறொரு டிரைவர் வண்டியை ஓட்டினார். இவர் மண்டியில் லோடு இறக்கினார், வீட்டில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக் கொடுத்தார், டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் என் மகளின் பாடப் புத்தகத்தில் சாலை விதிகள் பாடத்தை விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். "எதுக்கு இப்ப இது?" என்று பிடுங்கி வைத்தேன். "தெரிஞ்சுக்கணும்ல" என்றார்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்த வாரம் முதல் லோடுக்குக் கிளம்பினார். தனியாகப் போகப் பயப்படுகிறார் என்று முகத்தில் தெரிந்தது, வாயால் கேட்கவில்லை. சனிக்கிழமை லீவுதானே என்று நானும் கூட ஏறிக்கொண்டேன். மேலே தாரை அடுக்கிக் கட்டி இறங்க ஆரம்பித்தோம். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பாதி மலை இறங்கியபோது கீழே ஒரு ஜீப் ஏறி வந்தது. அதே ஜீப், அதே ஆள். எங்களைப் பார்த்ததும் வழக்கப்படி ஓரமாக ஒதுங்கி நின்றார். எங்கள் வண்டியும் நின்றது. என் வீட்டுக்காரர் பிரேக்கை அழுத்திக்கொண்டு, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, 'நீ போ' என்று காட்டினார்.

"அண்ணே, வாங்கண்ணே, நீங்கதான லோடு!" என்று ஜீப்பிலிருந்து சத்தம் வந்தது.

இவர் அசையவில்லை. "ஏறுற வண்டிக்குத்தான் வழி" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

எங்களுக்குப் பின்னால் ரெண்டு லோடு வண்டி வந்து நின்றது. ஜீப்புக்குப் பின்னால் வேனும் பைக்குகளும் சேர்ந்தன. மேலேயிருப்பவன் ஹாரன் அடிக்கிறான், கீழேயிருப்பவன் கையைக் காட்டுகிறான். மலையே எங்களுக்கு வழிவிட்டுக்கொண்டு நின்றது, இவருக்குப் பிரேக்கிலிருந்து கால் எடுக்க வரவில்லை.

நான் கதவைத் திறந்து குதித்தேன். ஜீப்புக்கு நேராகப் போய் நின்றேன். "ஏன் தம்பி, இப்ப எதுக்கு ஒதுங்கி நிக்கிற? கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொன்னேல்ல, ஏறுற வண்டிக்குத்தான் வழின்னு? ஏறு! ஏறிப் போ!"

அந்த ஆள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கோர்ட்டு வேற, ரோடு வேற மதினி" என்றார்.

அதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டியை விட்டு இறங்கி ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்த லோடு வண்டியின் டிரைவர் வந்து, "என்னண்ணே, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். இவர் சாவி வண்டியில் இருக்கிறது என்று மட்டும் கையைக் காட்டினார். அந்த வண்டியிலிருந்த இன்னொரு டிரைவர் எங்கள் குட்டியானையில் ஏறி உட்கார்ந்து, நீளமாக ஒரு ஹாரன் அடித்து, எல்லோரும் ஒதுங்கிக் கொடுத்த வழியில் அதை இறக்கிக்கொண்டு போனார்.

"நாமளும் அதுல போயிருக்கலாம்ல" என்றேன்.

"நடப்போம்" என்றார்.

நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. பின்னாலிருந்து லோடு வண்டி இறங்கி வந்தால் அவர் ஒதுங்கி நின்றார். முன்னாலிருந்து காலி வண்டி ஏறி வந்தால் அதற்கும் ஒதுங்கி நின்றார். ரோட்டில் யாருமே இல்லாத இடத்திலும் ஓரமாகவே நடந்தார். நடுவில் வாங்க என்று நான் ஒருமுறை கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை.